நின்ற இடத்தைக் காட்டும் போர்டு

நஸியா பிடித்த முயலுக்கு மூன்றே கால். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் பெட்டி செய்கிறவள் அவள். போனிலிருந்து அந்தப் பெட்டிக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கழனியில் பம்ப் ஓடும். திருவாலங்காட்டில் என் கரும்புக்கு மாட்டியதுதான் எங்கள் ஊரில் அவளுடைய முதல் பெட்டி.

கரண்ட் போய் வந்தால் அந்தப் பெட்டி மரக்கட்டை, எத்தனை மிஸ்டு கால் கொடுத்தாலும் பம்ப் ஓடாது. சித்திரை வெயிலில் கரும்பு காய்ந்தது, எனக்கு வயிறு எரிந்தது. "இந்த வாரம் சரியாவலேன்னா கழட்டிடுவேன். அப்பறம் ஊர்ல ஒருத்தனும் உங்கிட்ட வாங்கமாட்டான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்கிறவன் நான். அது அவளுக்கும் தெரியும்.

உள்ளே இருந்தது மலிவான சர்க்யூட் போர்டு. அவள் எழுதி ஏற்றிய புரோகிராம் எங்கே நிற்கிறது என்று அதில் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் லேப்டாப்புக்கு ஒரு வார்த்தை அனுப்பும்படி எழுதிப் பார்த்தாள். எழுதினால் பெட்டி சமர்த்தாக ஓடியது. எடுத்தால் மறுபடி மரக்கட்டை.

"அப்ப எடுக்காம அப்டியே வுடும்மா. ஓடுதில்ல?"

"ஏன் ஓடுதுன்னு தெரியாம எப்டிண்ணா வுடறது? நீங்க நம்பிகினு இருக்கறப்ப நின்னுடும்."

போர்டின் சிப்பை நிறுத்தி, புரோகிராம் எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்கிற கருவியைத் தனியாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அந்தக் கருவி கூடவே சேர்ந்து வருகிற போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். பழையதைவிட விலை கொஞ்சம்தான் கூட. திரை வைத்த பெரிய போர்டெல்லாம் கடைக்காரர் காட்டினாராம், இவள் தொடவே இல்லை.

புது போர்டிலும் அதே கோளாறு. நான் பல்லைக் கடித்தேன். அவளோ, "நல்லதாப் போச்சு, நிக்கட்டும்" என்று வரப்பில் உட்கார்ந்து லேப்டாப் வயரைச் செருகினாள். புரோகிராம் நின்ற இடம் திரையில் தெரிந்தது.

கரண்ட் வந்ததும், பெட்டிக்குள் போன் காலை வாங்குகிற சிம் பகுதி விழிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் புரோகிராம் அதை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றிருக்கிறது. முன்பு லேப்டாப்புக்கு வார்த்தை அனுப்பிய நேரத்தில் சிம் விழித்துக்கொண்டதால்தான் ஓடியது.

"தப்பு என்னோடதுதாண்ணா. பதில் வரலேன்னா திரும்பக் கூப்புடுன்னு நான் எழுதல."

அங்கேயே திருத்தினாள். ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் மிஸ்டு கால் கொடுத்ததும் பம்ப் ஓடியது. கால்வாயில் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் என் வயிறு குளிர்ந்தது.

"அதான் கண்டுபுடிச்சிட்டியேம்மா. அடுத்த பெட்டிக்கு மலிவு போர்டே போதுமே?"

"போதாதுண்ணா. நான் இன்னும் தப்பு பண்ணுவேன். எங்க பண்ணேன்னு எனக்குத் தெரியணும்."

அன்று மாலையே பக்கத்துக் கழனி பங்காருவிடம் அவள் நம்பரைக் கொடுத்தேன்.