அழுத்தமில்லாத சிலிண்டர்

மூவார் பட்டணத்துக்கு ஆற்றின் அக்கரையில் தோட்ட லோரி ஓட்டுகிறேன். சில நாளாக எஞ்சினில் ஒரு சிலிண்டர் விக்கியது. அதன் ஸ்பார்க் பிளக்கை மட்டும் மாற்றிச் சமாளித்தேன். பிரசவ வலியெடுத்த மனைவியைப் படகுத்துறைக்கு ஏற்றிச் சென்ற காலையில், பனி மூடிய ரப்பர் மேட்டில் லோரி நின்றுவிட்டது.

எஞ்சினை முன்னாலிருந்து சுற்றும் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினேன். மற்றச் சிலிண்டர்களின் முறை வந்தபோது கை கனத்தது. விக்கிய சிலிண்டரின் முறையில் மட்டும் பனியைத் தள்ளுவதுபோல் இலேசாக இருந்தது.

“என்னங்க, ஆறு நம்மகிட்ட வருதா?” என்றாள், அரை மயக்கத்தில்.

“நாமதான் போறோம், புள்ள.”

பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டிச் சுற்றினேன். எண்ணெய் இடைவெளியை அடைக்க, இப்போது அங்கேயும் கனத்தது. தேய்ந்த பிஸ்டன் வளையம்தான் அழுத்தத்தைக் கசியவிட்டிருக்கிறது. லோரி புகை கக்கிக்கொண்டே துறைவரை போனது.

மகள் மூவார் ஆஸ்பத்திரியில் நலமாகப் பிறந்தாள். இப்போதெல்லாம் எஞ்சின் விக்கினால், அழுத்தம் பார்க்காமல் லோரியை எடுப்பதில்லை.