படத்துக்குக் கீழே இருந்த வரி

சாப்பாட்டு மேசையை ஒற்றைக் கையால் சுவரோரம் தள்ளிவிட்டு, மச்சான் சமையலறையின் நடுவில் காலை அகட்டி நிற்பார். "வாசி மச்சான், என்ன சொல்லுறாங்கள்?" என்பார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு மடியில் விரித்த தாள்களிலிருந்து வாசிப்பேன். இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்கவேண்டும். அந்த இடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர் ஜெர்மனியில் மற்போர் செய்தவர்களின் பிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய தங்கையான என் மனைவி அகப்பையோடு வந்து, "ரெண்டு பேரும் முன்னறைக்குப் போங்கோ, நான் குழம்பு இறக்கவேணும்" என்று சத்தம் போடுவாள். எதிராளியின் இடுப்பைப் பிடிப்பதற்குப் பதிலாகக் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, மச்சான் அவளைப் பார்த்துச் சிரிப்பார்.

எங்கள் இருவருக்கும் லண்டன் இரண்டாவது புலம்பெயர்வு. மச்சான் பதினைந்து வயதில் தனியாக ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவர். அகதிப் பிள்ளைகளின் விடுதியில் இருந்தபோது அந்தச் சிறு நகரத்து மல்யுத்தக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. மொழி தெரியாத அந்தக் காலத்தில் முதலில் தன்னோடு பேசியவை விரிப்பில் தன்னைப் பிடித்த கைகள்தான் என்று ஒருமுறை சொன்னார். பிறகு டைல்ஸ் பதிக்கும் வேலை பழகினார். நான் சிறுவனாகத் தாய் தகப்பனுடன் போனவன். பள்ளிக்கூடம் முடித்து ஒரு நூலகத்தில் பழைய புத்தகங்கள் இருந்த பகுதியில் சில வருடங்கள் வேலை செய்தேன். கொக்கி கொக்கியாக இருக்கும் அந்தக் காலத்து ஜெர்மன் அச்செழுத்தை அங்கேதான் வாசிக்கப் பழகினேன். லண்டனுக்கு வந்த பிறகு கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்ற எனக்கு, அந்தப் படிப்பு ஒருநாள் உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

மச்சான் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் பதிக்கப் போனபோது, மேசையில் பரப்பிக் கிடந்த படங்களைக் கண்டிருக்கிறார். இறுக்கமான காற்சட்டையும் கைகளில் பிளவு வைத்த சட்டையும் போட்ட இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பிடித்தபடி நிற்கும் மரச்செதுக்குப் படங்கள். "இந்தப் பிடி எனக்குத் தெரியும்" என்று வீட்டுக்காரியிடம் சொன்னாராம். அந்தப் பெண்மணி பள்ளிக்கூடமொன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. பழைய ஜெர்மன் மற்போர் நூல்களைப் பார்த்துப் பயிலும் சிறு குழுவொன்றை அவர் சனிக்கிழமை காலைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்திவந்தார். படங்கள் இருந்தன, அவற்றின் கீழ் இருந்ததை வாசிக்கத்தான் ஆள் இல்லை. மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

என் வாழ்க்கையில் நான் மிக மகிழ்ச்சியாக இருந்த காலங்களில் அது ஒன்று. ஆனால் உண்மையில் அந்த நூல்களை வாசித்தவர் மச்சான்தான். நான் சொற்களைச் சொன்னேன். அவருடைய உடம்பு பொருளைச் சொன்னது. ஒவ்வொரு பிடிக்கும் பிறகு "உடைப்பு" என்று ஒரு சொல் வரும். கையை, காலை உடைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து நான் பயந்துபோயிருந்தேன். மச்சான் என்னை எழுப்பி என் இடுப்பைப் பிடித்து, அதிலிருந்து என்னை நழுவவிட்டுக் காட்டினார். "எலும்பை இல்லையடா, பிடியை உடைக்கிறது. இவங்கள் என்ன கொலைகாரரே?" அந்தச் சொல் பெரும்பாலும் பிடியிலிருந்து விடுபடும் மறுபிடியைத்தான் குறிக்கிறது என்று அன்று எனக்கு விளங்கியது. அடுத்த சனிக்கிழமை அதை நானே கண்டுபிடித்தது போல மண்டபத்தில் எல்லோருக்கும் விளக்கினேன். மச்சான் பின்வரிசையில் இருந்து தலையாட்டினார்.

குழுவில் மச்சானுக்குப் பிடித்த சோடி ஒரு தபால்காரர். ஐம்பதைத் தாண்டிய, மிகப் பெரிய உடம்புக்காரர், தனியாக வாழ்ந்தவர். கிழமையில் அவர் மனிதரோடு கூடி இருந்து சிரித்தது அந்த ஒரு காலைப் பொழுதில்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஒரு டின் பிஸ்கட் கொண்டுவருவார். மச்சானைத் தூக்கி எறிவதற்கு முன், "தயாரா?" என்று இரண்டு முறை கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் எடுத்த பிடியில், எதிராளியின் வலக்கையை இரு கைகளாலும் பற்றி, உள்ளங்கை மேலே பார்க்கத் திருப்பி, முதுகைக் காட்டித் திரும்பி, அந்தக் கையைத் தன் தோள்மேல் வைத்துக் கீழே இழுக்கவேண்டும். நான் வாசித்தேன், அவர்கள் மெதுவாகச் செய்து பார்த்தார்கள். கழகத்தில் தான் பழகிய தோள் எறிதல்தான் இது என்று மச்சான் நினைத்தார். எத்தனையோ ஆயிரம் தடவை விழுந்து எழும்பிய மனிதர் அவர். வேகமாகச் செய்யும்படி தபால்காரரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், படத்துக்குக் கீழ சின்னனா என்னமோ கிடக்கு. என்ன அது?"

நான் தாளைப் பார்த்தேன். பிரதி மங்கலாக இருந்தது. பொடி எழுத்து, ஒரே ஒரு சொல்தான் சட்டென்று கண்ணில் பட்டது. உடைப்பு. பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது, பொறுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது மறுபிடி. அடுத்த கிழமை பாப்பம்" என்றேன்.

தபால்காரர் இரண்டு முறை கேட்டார். மச்சான் ஓம் என்று தலையாட்டினார். பிறகு சின்னதாக ஒரு சத்தம். மண்டபத்தின் மறுமூலையில் நின்றவர்களுக்கு அது கேட்கவே இல்லை. மச்சான் விழவில்லை. நின்ற இடத்திலேயே முழங்கால் குத்தி, உதடு வெளுத்துப்போய்த் தன் வலக்கையை இடக்கையால் ஏந்திக்கொண்டார். தபால்காரர் "நான் மெல்லத்தானே இழுத்தேன், மெல்லத்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வலியோடும் மச்சான் ஆங்கிலத்தில் அவருக்குச் சமாதானம் சொன்னார். "உன்னில் பிழையில்லை. நான்தான் வேகமாகச் செய்யச் சொன்னேன்."

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், எலிசபெத் லைன் ரயிலில் இருந்தபடி அந்தப் பக்கத்தின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி வாசித்தேன். இரண்டு நிமிடம் கூடத் தேவைப்படவில்லை. இது தோழர்களுக்குள் செய்யும் பிடி அல்ல என்று எழுதியிருந்தது. இதில் அகப்பட்டவனால் விழ முடியாது, விழுமுன் கை உடைந்துவிடும் என்று எழுதியிருந்தது. எலும்பைப் பற்றித்தான் இந்த முறை சொல்லியிருந்தார்கள். இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்து போனது. நான் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மச்சானின் கட்டிலருகே இரண்டு மணித்தியாலம் இருந்தேன். சொல்லவில்லை. அன்று மாலை ஆசிரியை மின்னஞ்சலில் கேட்டார்: நூலில் எச்சரிக்கை ஏதாவது இருந்ததா? இல்லை என்று பதில் எழுதினேன். மங்கிய எழுத்தைப் பிழையாக வாசித்தவன் என்பதோடு நின்றிருக்கலாம். அந்த ஒரு சொல்லை அனுப்பிய பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன்.

முழங்கையில் தகடு வைத்தார்கள். கை பிறகு முழுதாக நீளவில்லை. சீமெந்து வாளி தூக்க ஏலாது, டைல்ஸை அழுத்திச் சமன் பார்க்க ஏலாது. மச்சான் தொழிலை விட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்து, கோலியர்ஸ் வுட் பக்கம் வீடு மாறினார். "பரவாயில்லை மச்சான், இப்ப சாவிக்கொத்து மட்டும்தான் பாரம்" என்பார். நான் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினேன். கவுன்சில் படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இவன் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்" என்று சொல்வார். அதைக் கேட்கும்போது எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். தபால்காரர் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு குழுவுக்கு வரவே இல்லை. அவரைப் பற்றி நான் அதிகம் நினைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு, என் மொழிபெயர்ப்புகளையெல்லாம் தொகுத்து ஒரு சிறு கையேடாகப் போட ஆசிரியை விரும்பினார். ஒவ்வொரு பக்கமாகத் தட்டச்சு செய்துகொண்டு வந்து அந்தப் பக்கத்தில் நின்றேன். அந்த வரியை எழுதினால் என் பொய் வெளியில் வரும். விட்டால் இன்னொருவருடைய கை போகும். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அதை ஆசிரியைக்கு அனுப்புவதற்கு முன்னர் கோலியர்ஸ் வுட்டுக்குப் போனேன். மனச்சாட்சி என்னைக் கொண்டுபோனது என்று சொல்ல ஆசைதான். வேறு யாராவது சொல்லி அவர் அறிந்துவிடுவாரோ என்ற பயம்தான் கொண்டுபோனது.

மச்சான் இடக்கையால் சேட் அயன் பண்ணிக்கொண்டிருந்தார். "வா மச்சான், இரு" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். அவர் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அடுத்த நாளே."

"அடுத்த நாள்." அவர் சேட்டின் கொலரை விரலால் நீவினார். "வாசிக்கேக்க பிழை விட்டது பெரிசில்லை. அவசரத்தில ஆருக்கும் பிழை வரும். அந்தத் தபால்காரனிட்டச் சொன்னனியே?"

"இல்லை."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. தன் கையைப் பற்றிச் சொன்னபோது மாறாத முகம்.

"மூண்டு வருசம். அந்த மனுசன் தான்தான் முறிச்சனெண்டு இருந்திருப்பான். எத்தினை தரம் போன் எடுத்தன், எடுக்கவே இல்லை." சேட்டைத் தூக்கிக் கதிரையில் போட்டார். "போ. முதல் அவனிட்டப் போய்ச் சொல்லு."

விலாசத்தை ஆசிரியையிடம் வாங்கினேன். அதற்காக அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கையேட்டில் அந்த வரியைப் பெரிய எழுத்தில் போடும்படி மட்டும் சொன்னார்.

தபால்காரர் மெலிந்துபோயிருந்தார். கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. நிலையில் கை வைத்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு தாளைக் காட்டச் சொன்னார். அவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. இருந்தும் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தடவினார்.

"இதில் தோழர்கள் என்ற சொல் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்றிலிருந்து நான் யாருடைய கையையும் அழுத்திப் பிடித்ததில்லை" என்றார். "எவ்வளவு பலமாகப் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரியாதோ என்று பயம்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளைத் திருப்பித் தந்தார். மச்சானின் விலாசத்தைக் கேட்டு வாங்கி, தபால் குறியீடு சரியா என்று ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.

பிறகு சில மாதங்கள் மச்சானிடமிருந்து போன் இல்லை. நானும் எடுக்கவில்லை. போன பங்குனியில் மனைவி செய்த பலகாரத்தைக் கொடுப்பதற்காகக் கோலியர்ஸ் வுட்டுக்குப் போனேன். முன்கதவு திறந்து கிடந்தது. பின்வளவில் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. காற்றுக்கு விழுந்த வேலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் கட்டையை நெஞ்சோடு அணைத்து நேராகப் பிடித்திருக்க, மச்சான் இடக்கையால் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு அடி குறி தவறி விரலில் பட, மச்சான் ஜெர்மனில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். தபால்காரர் அதைத் திருப்பிச் சொல்லிப் பழகினார். மச்சான் உச்சரிப்பைத் திருத்தினார். நான் சமையலறை வாசலில் பலகாரப் பெட்டியோடு நின்றேன்.

மச்சான் திரும்பி என்னைக் கண்டார். சுத்தியலை வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தபடி வந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"வாங்கோ. உள்ளுக்குப் போய் இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றார்.

இருபது வருடங்களாக என்னை அவர் "வா" என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார். நான் முன்னறைக்குப் போய், வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கும் கதிரையில் இருந்தேன்.