விறகறைக் கதவில் ஒரு தேதி

இதைப் படிக்கும் சகோதரிகள் கூச்சப்பட வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கூலிக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். தூரமானால் பின்பக்கத்து விறகறையில்தான் இருக்க வேண்டும். நான் அங்கே போவதும் குளித்து வருவதும் லயம் முழுக்கத் தெரியும். அதனால் நாள் கணக்கை நான் மனத்தில் வைத்ததே இல்லை. அத்தைதான் வைத்திருந்தார்.

போன வருடம் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தேன். இரண்டு மாதம் விறகறைக்குப் போகவில்லை. "மருமக முழுகாம இருக்கா" என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிவிட்டார். கரு கலைந்துவிடும் என்று, மலேரியாவுக்குத் தின்றுவந்த கொயினா மாத்திரையையும் நிறுத்தினார். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வளையல் வாங்கப் பேச்சு நடக்கும் வீட்டில் எப்படி வாய் திறப்பது? காய்ச்சல் திரும்பி வந்தது. போர்வைக்குள் நடுங்கியபடி, ஆசையே இல்லாத புளி மாங்காயைத் தின்றேன்.

ஒரு காலையில் நினைவு தப்பியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே நர்ஸ் மிஸ்ஸி என்னைச் சோதித்துவிட்டு, "பிள்ள இல்லம்மா. காய்ச்சல்ல ரத்தம் வத்திப்போச்சு, அதான் நாள் தள்ளிருக்கு. கடைசியா எப்ப தூரமான?" என்று கேட்டார்.

நான் அத்தையைப் பார்த்தேன்.

"அவங்கள ஏன் பாக்குற? உன்னத்தான கேக்குறேன்."



மறுபடி கொயினா கொடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். இப்போதும் விறகறைக்குத்தான் போகிறேன். போனதும் கதவின் உட்பக்கம் கரியால் தேதி எழுதிவிடுகிறேன். நாள் தள்ளினால் முதலில் தெரிவது எனக்கு. லயத்துக்குச் சொல்வதா என்பதை அப்புறம் யோசிக்கிறேன்.