பையாகிப் போன பத்திரிகை

என் மகள் வேண்டாத காகிதங்களை வைத்து ஜங்க் ஜர்னல் என்று ஒரு நோட்டு செய்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் அலங்காரமாகக் காகிதப் பை ஒட்டுகிறாள். இன்று பசை தீர்ந்துபோய் அடுப்பில் மைதா கிளறினாள். அந்த வாசனைக்கு எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

அப்போது இரும்புலியூரில் இருந்தோம். அப்பாவின் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று ஜிகினாவோடு மின்னியது. அதை மடித்து, அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் பையாக ஒட்டினேன். எழுத்தெல்லாம் உள்ளே போய்விட்டது.

கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு பத்திரிகையைத் தேடிய அம்மா, விஷயம் தெரிந்ததும் நோட்டை இட்லிப் பானை ஆவியில் பிடித்தாள். ‘படப்பை’ என்ற ஊர்ப்பெயர் மட்டும் பிரிந்து வந்தது. மண்டபத்தின் பெயர் ரசப்பொடிக் குறிப்போடு ஒட்டிக்கொண்டது.

“படப்பைல எத்தனை மண்டபம் இருந்துடப் போகுது? பாத்துக்கலாம் வா” என்றார் அப்பா.

முதல் மண்டபத்திலேயே மேடையேறி, எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து, போட்டோவுக்கும் நின்றோம். இறங்கும்போதுதான் அம்மா கேட்டாள்: “ஏங்க, உங்க ஃபிரெண்டு எங்க?”

சரியான மண்டபத்துக்கு வெறுங்கையோடு போனபோது கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்திருந்தது.

“அம்மா, இத வெட்டிக்கட்டுமா?” மகள் கையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தின் பத்திரிகை. அதை வாங்கி, மண்டபத்தின் பெயரை மொபைலில் மூன்று தடவை படமெடுத்தேன்.

“எதுக்கும்மா இத்தனை போட்டோ?”

“பாயசத்துக்கு” என்றேன்.