வெட்டு இல்லாத வரைபடம்

வில்லடீன் பௌல்ஸ் இருபத்தாறு வருடம் அண்ணாந்து பார்த்தபடியே வேலை செய்தவள். ஃப்ளிண்ட் நகரத்துக் கார் ஆலையில் அவளுடைய இடம் ஒரு பள்ளம். வண்டிகள் கொக்கியில் தொங்கிக்கொண்டு தலைக்கு மேலே வரும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீள ஷாஃப்டை அவள் மாட்டுவாள். நான்கு போல்ட். ஐம்பத்தெட்டு நொடி. அடுத்த வண்டி. ஓய்வு பெற்றபோது அவளுடைய வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் உயர்ந்திருந்தது. கோட்டு தைத்தவள் சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

ஆலையில் வரைபடம் பிளாஸ்டிக் உறைக்குள் வரும். யாரோ போட்டது. துளையும் போல்ட்டும் சேராவிட்டால் துளையைப் பெரிதாக்கிவிட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் வில்லடீன் சொல்வாள், "வரைஞ்சவன் ஒரு தடவை இங்க வந்து நிக்கணும்." யாரும் வந்து நின்றதில்லை.

இப்போது அவளிடம் ஒரு வரைபடம் இருந்தது. அவளே போட்டது. பழைய குளிர்பெட்டி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் குளிர்காலம் முழுக்கப் பென்சிலால் வரைந்தாள். வண்டி அறுபத்தொன்பதாம் வருடத்து நோவா கார். பச்சை. அதன் எஞ்சின் பெட்ரோலைவிட எண்ணெயை அதிகம் குடிக்கத் தொடங்கி மூன்று வருடமாயிற்று. பின்புறம் நசுங்கிய ஒரு பிக்கப் டிரக்கிலிருந்து எடுத்த எஞ்சினை வாங்கி, கம்பளி போர்த்தி கராஜின் மூலையில் வைத்திருந்தாள். அதை நோவாவுக்குள் எப்படி இறக்குவது என்பதுதான் அட்டை முழுவதும். மேல் ஓரத்தில் பெரிய எழுத்தில் இரண்டு சொல்: வெட்டு இல்லை. போல்ட்டில் போவது போல்ட்டில் திரும்பி வரவேண்டும். வண்டியின் தகட்டில் ஓர் அங்குலம்கூட அறுக்கக் கூடாது. அறுத்தால் அது வரைபடமே இல்லை என்று நினைத்தாள்.

சனிக்கிழமைகளில் இரண்டு பேர் வருவார்கள். வெர்ன் ஸ்டாஹோவியாக், அவளுடைய தங்கை கணவன், ஆலையில் வெல்டராக இருந்தவன். அர்லிஸ் டீக், எதிர்வீடு, சீட் பிரிவில் இருந்தவன், இருநூற்று நாற்பது பவுண்டு எடை.

"பந்தய வண்டிக்கு லாரி எஞ்சினா?" என்பான் அர்லிஸ். "அப்புறம் பின்னாடி வைக்கோல் ஏத்துவியா?"

"உன்னை ஏத்தணும்ல. சாதா எஞ்சின் இழுக்காது."

வெர்னுக்குச் சந்தேகமே கிடையாது. வண்டியின் நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கும் தரை மேட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். "இங்க அறுத்து ஒரு இஞ்ச் தூக்கி வெல்டு வெச்சா முடிஞ்சுது. அரை நாள் வேலை. எதுக்கு இந்த அட்டை, பென்சிலு?"

"சாக்பீஸ வெளிய வை, வெர்ன்."

"எல்லாரும் அறுக்கத்தான் செய்யறாங்க, டீனி."

"எல்லாரையும் கூட்டிட்டு வராத. காப்பி பத்தாது."

அவன் போனதும் கோட்டைத் துடைத்துவிடுவாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி கோடு இருக்கும்.

மே மாதம் அட்டையிலிருந்து இரும்புக்கு வந்தாள். பழைய எஞ்சினை வெளியே தூக்கியாகிவிட்டது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒரு காலி எஞ்சின் கூட்டையும் காலி கியர்பாக்ஸ் கூட்டையும் நோவாவுக்குள் ஏற்றிப் பார்த்தாள். கனமில்லாததால் தள்ளலாம், சாய்க்கலாம். வண்டி நான்கு தாங்கிகள் மேல் உயரமாக நின்றது, சக்கரங்கள் அந்தரத்தில். கியர்பாக்ஸின் வால் ஐந்து டிகிரி சாய்வு. ஷாஃப்டின் மறுமுனை சேரும் பின் ஆக்சிலின் மூக்கும் ஐந்து டிகிரி. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அறுபது மைல் வேகத்தில் வண்டி உதறும். ஒன்றாகவே இருந்தன. தரை மேட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே விரல் நுழைந்தது. வெர்னின் விரலைப் பிடித்து அவளே அந்த இடைவெளியில் விட்டாள்.

"இது என் தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். அர்லிஸ் சிரித்து மூச்சுத் திணறினான்.

திங்கட்கிழமை காலை ஷாஃப்ட் செய்துதருகிற கடைக்குப் போன் போட்டாள். நீளத்தைச் சொன்னாள்.

கடைக்காரர் எழுதிக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு, "வண்டி சக்கரத்துல நிக்கும்போது அளந்ததுதானேம்மா?" என்றார்.

வில்லடீன் கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தொங்கவிட்டு அளந்தா ஆக்சில் கீழ இறங்கிடும். எல்லா அளவும் மாறிடும். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க."

"மறுபடி அளந்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

கராஜுக்குப் போய் விளக்கைப் போடாமல் நின்றாள். இருபத்தாறு வருடத்தில் எத்தனை லட்சம் ஷாஃப்ட். ஒவ்வொன்றும் தொங்குகிற வண்டியில், தொங்குகிற ஆக்சிலில். சக்கரத்தில் நிற்கிற ஒரு வண்டியின் அடியில் அந்த ஷாஃப்ட் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே கிடையாது. அவளுடைய கண்ணுக்கு ஆக்சில் என்றாலே தொங்குவதுதான். பிளாஸ்டிக் உறைக்குள் வந்த வரைபடத்தைப் போட்டவனைப் பற்றி அவள் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. கொஞ்சம் சிரிப்பு வந்தது. கொஞ்சம்தான்.

சனிக்கிழமை அவர்கள் வந்தபோது நோவா நான்கு சக்கரத்திலும் நின்றது, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு சாய்பலகை. எஞ்சின் கனம் இல்லாததால் வண்டியின் மூக்கு மட்டும் மேலே தூக்கியிருந்தது.

"தப்பா அளந்துட்டேன்" என்றாள். "தொங்கவிட்டு அளந்திருக்கேன். இப்ப சரியா அளக்கணும். எஞ்சின் கனம் வேணும். ரெண்டு பேரும் மேல ஏறுங்க."

"எங்க?"

"எஞ்சின் இருக்கற எடத்துல. ரேடியேட்டருக்கு மேல குறுக்குச் சட்டத்துல உக்காருங்க. காலு உள்ள."

"நாங்க எஞ்சினா?"

"அர்லிஸ் எஞ்சின். நீ பேட்டரி."

முனகிக்கொண்டே ஏறினார்கள். வண்டியின் மூக்கு மெல்ல இறங்கியது. வில்லடீன் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தாள். கோணமானியைக் கியர்பாக்ஸில் வைத்தாள். ஐந்து. ஆக்சில் மூக்கில் வைத்தாள். இரண்டரை.

"சத்தமா சொல்லு" என்றான் வெர்ன் மேலேயிருந்து.

"இங்க அஞ்சு. அங்க ரெண்டரை."

"அப்ப கியர்பாக்ஸ ரெண்டரைக்குத் தூக்கணும். தூக்கினா மேட்டுல இடிக்கும்." அவன் குரலில் மகிழ்ச்சியை மறைக்கவில்லை. "எவ்வளவு இடிக்கும்?"

அவள் கணக்குப் போட்டாள். "அரை இஞ்ச்."

"அறுக்கற மெஷின் டிரக்குலயே இருக்கு, டீனி. இறங்கட்டுமா?"

"உக்காரு."

அவள் படுத்தபடியே இருந்தாள். முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் ஆக்சில். இப்போதுதான் அதை அருகில் பார்க்கிறாள். பள்ளத்தில் எப்போதும் கை நீட்டும் தூரத்தில் இருந்தது. ஆலையில் ஆக்சில் வந்தபடி இருக்கும். அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. ஷாஃப்டை அதற்கு ஏற்றபடி மாட்டு, போ. ஐம்பத்தெட்டு நொடி. வெர்னுக்கும் அதே பழக்கம்: ஆக்சில் அசையாது, மற்றதை அறு.

ஆக்சில் பட்டை ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்துக்கு இரண்டு கிளாம்ப்.

"வெர்ன்."

"இறங்கட்டுமா?"

"ஆக்சிலோட மூக்கைத் தூக்கினா?"

வெர்ன் மேலேயிருந்து குனிந்து எட்டிப் பார்த்தான்.

"ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல பக்கத்துக்கு ஒரு இரும்பு ஆப்பு. ரெண்டரை டிகிரி. மூக்கு திரும்பி அஞ்சுக்கு வந்துடும். கியர்பாக்ஸ் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

வெர்ன் உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்துக் கணக்குப் போட்டான். அர்லிஸ், "முட்டி மரத்துப்போச்சு, யாராவது ஏதாவது முடிவு பண்ணுங்கப்பா" என்றான்.

"கிளாம்ப கழட்டணும்" என்றான் வெர்ன் கடைசியில். "ஆனா வெட்டு இல்ல."

"போல்ட்டுல போகும், போல்ட்டுல வரும்."

"ரெண்டரை டிகிரியில கடையில கிடைக்குமான்னு தெரியல."

"நீ வெல்டர்தானே? அந்த மெஷின் சும்மாதானே கிடக்குது."

அன்று மத்தியானம் வெர்ன் தன் டிரக்கின் பின்பலகையில் இரும்புப் பட்டையை வைத்து இரண்டு ஆப்பு அறுத்தான், தேய்த்தான், அவள் கோணமானியை வைத்துப் பார்த்து இரண்டு முறை திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டாள். ஆப்புகளை வைத்து கிளாம்புகளை இறுக்கினார்கள். பிறகு இருவரையும் மறுபடி ஏறச் சொன்னாள்.

"சாப்பிட்டுட்டு ஏறக் கூடாதா?"

"சாப்பிட்டா கனம் மாறிடும்."

அடியில் நகர்ந்தாள். கியர்பாக்ஸ், ஐந்து. ஆக்சில், ஐந்து. கோணமானியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். ஐந்து. சத்தமாகச் சொன்னாள். மேலேயிருந்து யாரோ வண்டியின் விளிம்பில் உள்ளங்கையால் தட்டினார்கள். வெர்னாகத்தான் இருக்கவேண்டும், அர்லிஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

வில்லடீன் அங்கேயே படுத்தபடி நீளத்தை மூன்று முறை அளந்து, எண்ணை முன்கையில் எழுதிக்கொண்டாள். நகர்ந்து வெளியே வந்தாள். இருவரும் கால்களை உள்ளே விட்டு, தொட்டியில் உட்கார்ந்தவர்கள்போல இருந்தார்கள்.

"வியாழக்கிழமை நிஜ எஞ்சின இறக்கறோம்" என்றாள்.

"ஏன் வியாழக்கிழமை? நாளைக்கே பண்ணலாமே" என்றான் வெர்ன். இப்போது அவனுக்குத்தான் அவசரம்.

"இறங்கிப் பாரு. புதன்கிழமை வரைக்கும் உன்னால நிமிர முடியாது."