வேகத்தடை மேல் போட்ட பழி

திண்டுக்கல்லில் டர்போ வண்டியைப் பிரித்துப் பார்க்கத் தைரியம் உள்ளவன் நான் ஒருத்தன்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. நாகல் நகரில் என் ஷெட் முன்னால் அந்த மாதிரி வண்டி ஒன்று நின்றுவிட்டால், டீக்கடைக்குப் போகிற என் நடையே மாறிவிடும். அந்த நினைப்பு செய்த வேலையைத்தான் சொல்லப் போகிறேன்.

வடமதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். கூடவே அவர் மனைவி. கியர் ஆயில் சொட்டுகிறது, மூன்றாவது கியரில் மிதித்தால் அதிர்கிறது என்றவர், காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

“இவதான் பாய். கன்னிவாடில அவங்க அம்மாவப் பாக்கப் போறேன்னு எடுத்துட்டுப் போயி, வேகத்தடையில ஒரு போடு போட்டுட்டு வந்திருக்கா.”

“மெதுவாத்தாங்க ஏத்துனேன்” என்றாள் அந்தத் தங்கச்சி. யாரும் காதில் வாங்கவில்லை, நான் உட்பட. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்க்க வியாழக்கிழமைதோறும் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறவள் அவள். வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அவர்கள் போனதும் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து, கசிவு எங்கே என்று தெரிய சாக்பீஸ் தூளைத் தூவி இன்ஜினை ஓடவிட்டேன். செத்த நேரத்தில் தூளில் ஒரு ஈரக்கோடு மேலிருந்து இறங்கியது. வேகத்தடை இடித்திருந்தால் அடியில் ஒரு சிராய்ப்பாவது இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. கியர் பாக்ஸை இறக்கினேன். அதன் அலுமினியக் கூட்டை இன்ஜினோடு முடுக்குகிற மேல் போல்ட் நுழைகிற காதிலிருந்து, ஆயில் நிற்கும் அறைவரை விரல் நீளத்துக்கு விரிசல். பக்கத்தில் டவல் பின் இருக்க வேண்டிய துளை காலி.

டவல் பின் என்பது சின்ன இரும்புக் குழாய்த் துண்டு. கியர் பாக்ஸை இன்ஜினோடு நேராக உட்கார வைப்பது அதுதான். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் ஒட்டின மாதிரித் தெரியும், ஓட ஓடக் காது விரிசல் விடும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வண்டிக்குக் கிளட்ச் மாற்றியவன் நான். நோன்பு மாதம், நோன்பு திறக்க நேரமாகிவிட்டது. கூடு நூலளவு விலகி நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் போல்ட் முடுக்குகிற ஏர் கன்னை வைத்து இழுத்துவிட்டுக் கிளம்பினேன். நோன்பின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவசரம் என்னுடையது.

மறுநாள் அவர் போன் செய்தார். “வேகத்தடைதான பாய்?”

“இருக்கலாம்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நான் செய்த வேலை மாதிரி சுத்தமான வேலையை அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. பல்சக்கரம், பேரிங் எல்லாம் கழற்றி, விரிசலில் ஊறிய எண்ணெயை எடுத்து, விரிசல் மேலும் நீளாமலிருக்க அதன் நுனியில் துளை போட்டு, கூட்டைச் சூடாக்கி ஆர்கான் வெல்டிங் வைத்தேன். ஆறவிட்டு, இன்ஜினோடு ஒட்டுகிற முகம் கோணாமல் இருக்கிறதா என்று நாலு தரம் பார்த்தேன். புது டவல் பின்னைப் போட்டதும் கூடு கையாலேயே போய் ஒட்டியது. கூலி வேண்டாம் என்றேன். அதையும் அவர் என் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பஸ் ஸ்டாண்டில் தங்கச்சியைப் பார்த்தேன். கையில் சாப்பாட்டுத் தூக்கு. கன்னிவாடி பஸ்ஸுக்காக வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். “வண்டி?” என்று கேட்டேன். “அவரு குடுக்கறதில்ல பாய்” என்றாள்.

அங்கேயே வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துளை காலியாக இருந்தது, ஏர் கன், போனில் சொன்ன பொய், எல்லாம். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன்.

“நான் இடிக்கலன்னு எனக்குத் தெரியும் பாய். எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவருகிட்டப் போயிச் சொல்லுங்க.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாளே வடமதுரைக்குப் போய், கடையில் ஆள் இருக்கும்போதே சத்தமாகச் சொன்னேன். சட்டையைப் பிடிக்கட்டும் என்றுதான் போனேன். அவர் சிரித்தார். என் தோளில் கை போட்டார்.

“விடுங்க பாய், இதுக்குப் போயி இம்புட்டு தூரம் வந்தீகளா? ஒரு வகையில நல்லதாப் போச்சு. இப்பல்லாம் அவ சாவியே கேக்கறதில்ல.”

எனக்கு ஒரு டீ சொன்னார். வாங்கிக் குடித்தேன்.