குறுக்கே நின்ற வெள்ளை வண்டி

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். என் மைத்துனன் வாயைத் திறந்தாலே அளப்பான். ஒரு கோல் பார்த்துவிட்டு வந்து மூன்று கோல் கதை சொல்லுவான். ஆனால் இதைச் சொன்ன அன்று ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. அவன் சொல்லி முடித்ததும் என் மனைவி, அதாவது அவனுடைய அக்கா, "போதும்டா" என்று எழுந்து போய் வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் போட்டாள். அப்போது பட்டப்பகல்.

அவனை நாங்கள் விசில் என்றுதான் கூப்பிடுவோம். கேலரியில் உட்கார்ந்து விரலை வாயில் வைத்து ஊதினால் கோல்கீப்பரே திரும்பிப் பார்ப்பார். லிஃப்ட் மெக்கானிக். மனைவி, ஆறு வயதில் ஒரு பெண். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. புது வீட்டுக்கு வாடகைக்கு வந்த ஏழு மாதத்தில் அது இன்னும் கூடியிருந்தது.

மேட்ச் நாளில் வண்டி நிறுத்துவது பெரிய ரோதனை. ஸ்டேடியத்துக்குள் இடம் வேண்டுமென்றால் முந்தின நாளே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் பக்கத்தில் மூடிப்போன ஆலையின் மைதானம்தான் கதி. சுவரோரம் ஒரு வரிசை. அது நிரம்பிவிட்டால், பிந்தி வருகிறவர்கள் அதற்கு முன்னால் குறுக்காக நிறுத்திவிட்டுப் போவார்கள். ஒரே நிபந்தனை, கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவர் தள்ளிவிட்டு வெளியே வந்துகொள்ளலாம்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மனைவியின் போன் வந்தது.

"என்னங்க, பாப்பாவுக்கு ரொம்ப இழுக்குது. உதடெல்லாம் நீலமாயிடுச்சு."

"ஆம்புலன்ஸ்?"

"கூப்பிட்டாச்சு. மேட்ச்சுக்காகப் பாலத்தை மூடிட்டாங்களாம், சுத்தித்தான் வரணுமாம். நீங்க வாங்க... சீக்கிரம் வாங்க!"

விசில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். மைதானத்தில் நல்ல வெயில். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். ஆள் ஒருவர் இல்லை. கேட் காவல்காரர் மட்டும் எங்கோ தூரத்தில், போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் வண்டிக்கு முன்னால் குறுக்கே ஒரு வெள்ளை வண்டி நின்றது. பாதி அவன் வண்டியை மறித்தது. மீதி, அவனுக்கு வலப்பக்கம் நின்ற பழைய நீல வண்டியை மறித்தது. முன்னும் பின்னும் அரை வண்டி நீளத்துக்குத்தான் இடம். வலப்பக்கம் தள்ளினால் இவன் வெளியே வரலாம். இடப்பக்கம் தள்ளினால் நீல வண்டி வரலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

நீல வண்டியின் டயர் நான்கிலும் காற்று இல்லை. அந்த வெயிலில் அதன் கண்ணாடிகள் உள்பக்கமாகப் பனி மூடியிருந்தன. விசில் அதைப் பார்த்தான். யோசிக்க நேரமில்லை.

மூச்சைப் பிடித்துத் தள்ளினான். வெள்ளை வண்டி வலப்பக்கம் நகர்ந்தது. ஓடிப்போய் ஏறிச் சாவியைத் திருகினான். நிமிர்ந்தான்.

வெள்ளை வண்டி பழைய இடத்திலேயே நின்றது.

தரை சரிவாக இருக்கும் என்று நினைத்தான். மறுபடி தள்ளி, டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான். திரும்பினான். முதுகுக்குப் பின்னால் சரளைக் கல் நெரியும் சத்தம். க்ர்ர்ர்...

வண்டி திரும்ப வந்துவிட்டது. அந்தக் கல், விசிலுடைய வண்டியின் பானெட் மேல் இருந்தது.

மூன்றாவது தடவை தள்ளியபோது வண்டி அசையவே இல்லை. அந்தப் பக்கமிருந்து யாரோ எதிராகத் தள்ளினார்கள்.

கண்ணாடி வழியே பார்த்தான். வண்டியின் மறுமுனையில் இரண்டு கைகள். குனிந்த தலை. சாயம் போன கிளப் ஜெர்சி.

"யாருங்க அது? விடுங்க! என் பொண்ணுக்கு மூச்சு விட முடியலை!"

தலை நிமிரவில்லை.

"என் பொண்ணுக்கும்."

ஸ்டேடியத்தில் அதுவரை இரைந்துகொண்டிருந்த கூட்டம்... சட்டென்று அடங்கியது.

"அந்தக் குரல்ல கோபமே இல்லை மாமா, வெறும் கெஞ்சல்தான்" என்றான் என்னிடம். அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டதாம். இப்படியே ஆளுக்கொரு பக்கம் தள்ளினால் எந்தப் பிள்ளையிடமும் அப்பா போய்ச் சேர மாட்டான்.

"சரி... நீங்க முதல்ல போங்க. சீக்கிரம்!"

வெள்ளை வண்டியைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டான்.

நீல வண்டி நகர்ந்தது. என்ஜின் சத்தம் இல்லை. சரளைக் கல் மட்டும். க்ர்ர்ர்...

ஸ்டியரிங்கில் யாரும் இல்லை.

பிறகு எப்படித் தள்ளினான், எப்படி ஏறினான், ஒன்றும் அவனுக்கு ஞாபகமில்லை. கேட் காவல்காரரிடம் கேட்டான்.

"முன்னால ஒரு நீல வண்டி போச்சே..."

"இன்னும் ஒரு வண்டியும் போகலையே. சங்கிலியையே உங்களுக்காகத்தான் அவுக்கிறேன்."

ஆம்புலன்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. வீட்டுக்குள் பாய்ந்தான். பாப்பா கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மனைவி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"மூச்சே நின்னுடுச்சுங்க. போயிட்டாள்னே நினைச்சேன். திடீர்னு இருமினா, எழுந்து உக்காந்துட்டா."

பாப்பா சிரித்தாள்.

"அங்கிள் வந்து முதுகைத் தேய்ச்சு விட்டாங்கப்பா. லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோன்னு அழுதாங்க."

சாயங்காலம் விசாரிக்க வந்த வீட்டுக்கார அம்மாவிடம் விசில் எல்லாவற்றையும் சொன்னான். நீல வண்டி என்றதும் அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவரோட வண்டி. அவர் பொண்ணுக்கும் இழுப்பு. அன்னைக்கும் மேட்ச்தான். குறுக்க நிறுத்தினவன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டுப் போயிட்டான். இவர் ஓடி வர்றதுக்குள்ள பிள்ளை போயிடுச்சு. இதே ரூம்லதான். அடுத்த மாசமே அவரும்..."

"அந்த வண்டி?"

"அவர் அதை எடுக்கவே இல்லை. ரொம்ப நாள் அங்கயே கிடந்துச்சு. போன வருஷம் உடைச்சு இரும்புக்குப் போட்டுட்டாங்களே."

அந்த வாரமே விசில் வேறு வீடு பார்த்தான். சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான்... இழுப்பு வந்தது. உதடு நீலமானது. பதறிப்போய்த் திரும்ப அதே அறையில் படுக்க வைத்தார்கள். உடனே நின்றது.

மூன்று தடவை இப்படி வெளியே தூக்கிப்போய்ப் பார்த்தாகிவிட்டது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்கிறார்.

அவர்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

போன வாரம் நான் போயிருந்தபோது, "ஏன்டா கண்ணு வெளியே வர மாட்டேங்கிறே?" என்று பாப்பாவிடம் கேட்டேன்.

"அங்கிள் வாசலைத் தாண்ட மாட்டாங்க மாமா. அவங்க முதுகிலேருந்து கையை எடுத்தா... எனக்கு மூச்சு வராது."